இருவர் நின்ற பேருந்து நிறுத்தம்
மெக்பர்சன் அறிக்கை: ஒரு மறுவாசிப்பு

நீதி விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்றைத் திறனாய்வுக்குரிய நூலாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 1999 பிப்ரவரி 24 அன்று இலண்டனில் வெளியான மெக்பர்சன் அறிக்கையை அவ்வாறுதான் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சர் வில்லியம் மெக்பர்சன் தலைமையேற்க, மூவர் ஆலோசகர்களாய் உடனிருந்தனர். அம்மூவருள் ஒருவர் ஜான் சென்தாமு. உகாண்டாவில் பிறந்து ஆங்கிலிக்கன் ஆயராகி, பின்னாளில் யார்க் பேராயராக உயர்ந்தவர். எழுபது பரிந்துரைகளோடு முடியும் அந்த நெடிய அறிக்கையிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொற்றொடரை: 'நிறுவனம் சார்ந்த இனவெறி'. அச்சொற்றொடரின் பேரொலியில் அறிக்கையின் நுட்பமான பகுதிகள் அமிழ்ந்து போயின. வெறுப்பினால் தாக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எது வேண்டியிருந்தது, அதனை யார் கேட்டறிந்தார்கள் என்னும் வினாவை அது தொடும் பக்கங்களே என்னை மீண்டும் மீண்டும் அதனிடம் அழைத்துச் செல்கின்றன.

நிகழ்ந்தது இது. 1993 ஏப்ரல் 22, இரவு பத்தரை மணியளவில், தென்கிழக்கு இலண்டனின் எல்தம் பகுதியில் வெல் ஹால் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் இரு கறுப்பின இளைஞர்கள் வீடு திரும்பப் பேருந்துக்காகக் காத்திருந்தனர். வெள்ளையர் இளைஞர் கூட்டம் ஒன்று இனத்தை இழிக்கும் சொல்லைக் கூவிக்கொண்டு பாய்ந்தது. பதினெட்டு வயது ஸ்டீபன் லாரன்ஸ் கத்தியால் குத்தப்பட்டு, நூறு மீட்டருக்கும் மேல் ஓடி, விழுந்து இறந்தார். உடன் நின்ற டுவேன் புரூக்ஸ் தப்பினார்.

'தப்பினார்' என்று எழுதிவிடுவது எளிது. அறிக்கையின் தலைசிறந்த அதிகாரம் இந்த ஒரு வினைச்சொல்லைத்தான் விசாரிக்கிறது என்பேன். நண்பன் குருதி வடியக் கிடக்க, டுவேன் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடி அவசர ஊர்தியை அழைத்தார். காவலர் வந்தபோது அவர் நிலைகொள்ளாமல் நடந்தார். ஊர்தி ஏன் வரவில்லை என்று கத்தினார். வந்தவர்கள் கண்டது என்ன? ஏதோ கைகலப்பில் பங்கெடுத்த, காவல்துறையை வெறுக்கும் ஒரு முரட்டுக் கறுப்பு இளைஞனை. அவரும் தாக்கப்பட்டவரே, அந்தக் கத்தி அவரையும் தேடியதே என்பது அவர்களுக்குத் தோன்றவேயில்லை. நடுக்கத்தைப் பகைமையாகவும், கதறலைத் திமிராகவும் படித்தார்கள். ஒரு மனிதரைத் தவறாகப் படிப்பது எத்தகைய கொடுமை என்பதை நீதிபதியின் வறண்ட நடை, அணிகள் எதுவுமின்றியே, நமக்கு உணர்த்திவிடுகிறது.

அதே இரவின் மற்றொரு காட்சி கத்தோலிக்க வாசகரின் நெஞ்சைத் தொடும். செபக் கூட்டம் முடிந்து நடந்து வந்துகொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் ஸ்டீபன் விழுவதைக் கண்டனர். வழிப்பறிக்கான சூழ்ச்சியோ என்று தமக்கு முதலில் ஐயம் எழுந்ததைக் கணவர் பின்னர் ஒளிக்காமல் சாட்சியத்தில் சொன்னார். ஆயினும் அவர்கள் அருகில் சென்றார்கள். மனைவி அந்த இளைஞரின் தலையில் கைவைத்து அன்பின் சொற்களைச் சொன்னார். வீடு திரும்பிய கணவர் கையில் படிந்த குருதியைக் கழுவி, அந்த நீரைத் தோட்டத்து ரோசாச் செடியின் அடியில் ஊற்றினார்.

உடனே நமக்கு நல்ல சமாரியர் உவமை நினைவுக்கு வரும். வரட்டும். ஆனால் லூக்கா அதனை எழுதியிருக்கும் விதத்தைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். சமாரியர் பொதுவாக 'உதவி' செய்யவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும், நடக்க இயலாதவருக்குத் தம் விலங்கு, இரவைக் கழிக்கச் சாவடி, மறுநாளைக்கு இரண்டு தெனாரியம், அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஒரு வாக்கு. ஒவ்வொரு செயலும் கண்ட ஒரு தேவைக்கு விடை. நாளை எவ்வளவு ஆகும் என்பது இன்று தெரியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். இன்னொன்று: எரிகோ சாலையில் கிடந்தவர் ஒருவர்தான். வெல் ஹால் சாலையில் இருவர். அவர்களுள் ஒருவருக்கு வெளியே குருதி வடியவில்லை. காவல்துறையில் எவரும் அவரிடம், "தம்பி, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவில்லை.

கேளாமையின் விலை பின்னர் தெரிந்தது. அதே ஆண்டு மே 8 அன்று வெல்லிங் பகுதியில் இனவெறிக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டத்தில் குழப்பம் விளைவித்ததாக டுவேன் மீதே வழக்குத் தொடரப்பட்டது. அதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடுவால் அவர் துன்புறுவது மருத்துவர்களால் உறுதிசெய்யப்பட்டிருந்தது. அவ்வழக்கை நடத்துவது நீதிமன்ற முறையையே தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று நீதிபதி அதனை நிறுத்திவைத்தார். 1996-இல் ஸ்டீபனின் பெற்றோர் தாமே தொடுத்த தனிநபர் வழக்கில், டுவேனின் அடையாளச் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என ஒதுக்கப்பட, குற்றம் சாட்டப்பட்ட மூவர் விடுதலையாயினர். உடைந்துபோன ஒருவரின் மேல் ஒரு வழக்கின் முழு எடையையும் ஏற்றிவைத்திருந்தார்கள். அவரைத் தாங்கிப் பிடிக்க எவரையும் வைத்திருக்கவில்லை.

இவ்வளவையும் அறிக்கை காண்கிறது. ஆனால் பரிந்துரைகளுக்கு வரும்போது அதன் பார்வை குறுகிவிடுவதாக எனக்குப் படுகிறது. அதன் பன்னிரண்டாம் பரிந்துரை புகழ்பெற்றது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரேனுமோ ஒரு நிகழ்வை இனவெறி சார்ந்தது என்று கருதினால், அது அவ்வாறே கொள்ளப்பட வேண்டும். நடந்ததற்குப் பெயர் சூட்டும் உரிமையைக் காவலரிடமிருந்து எடுத்து அடிபட்டவரிடம் கொடுத்த துணிவு அது. தமக்கு வேண்டியதற்குப் பெயர் சூட்டும் உரிமையை மட்டும் அதே துணிவோடு கொடுக்கவில்லை. சாட்சிகளையும் குடும்பத்தாரையும் கையாள்வது பற்றிய பரிந்துரைகள் உள்ளன, பயனுள்ளவையே. எனினும் அவை பெரும்பாலும் வழக்கின் பக்கம் நின்று பேசுகின்றன. சாட்சி நிலைகுலையாதிருந்தால் வழக்கு நிற்கும் என்ற கணக்கு அவற்றின் அடியில் ஓடுகிறது. வழக்கே இல்லாது போனாலும் அந்த இளைஞர் மனிதரல்லவா?

விட்டுப்போன அந்தப் பக்கத்தை எழுதப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2012 அக்டோபர் 25-ஆம் நாளிட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்று தன் 22-ஆம் பிரிவில் விதித்தது. ஆளின் இயல்பு, குற்றத்தின் வகை, அது நிகழ்ந்த சூழல் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொன்னது. வெறுப்பினாலோ பாகுபாட்டினாலோ தாக்கப்பட்டவர்கள்மீது தனிக் கவனம் வேண்டும் என்றது. காரணம் விளங்கக்கூடியதே. பணப்பையைப் பறிகொடுத்தவர் நாளை பையின்றி நடக்கலாம். தோலின் நிறத்துக்காக அடிபட்டவர் எதைக் கழற்றி வைத்துவிட்டு அதே நிறுத்தத்துக்குப் போவார்? தகுந்த இடத்தில் விசாரித்தல், இயன்றவரை ஒரே அலுவலர் விசாரித்தல், குற்றவாளியின் முகத்தைப் பார்க்க நேராமல் காத்தல் என்று அந்த ஆணை சொல்வன எல்லாம் சிறு சிறு ஏற்பாடுகள். எண்ணெயும் மதுவும் போல. நிலைமை மாறினால் மதிப்பீட்டையும் புதுப்பிக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். சிறப்பு ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் கருத்தில் கொள்ள வேண்டும். சட்டவரைவின் நடை வறட்சியானதுதான். ஆனால் அடிபட்டவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்தை அது வைத்திருக்கிறது.

ஸ்டீபனின் பெற்றோரைப் பற்றிய பகுதியில் அறிக்கையின் இன்னொரு குறை புலப்படுகிறது. குடும்பத் தொடர்புக்கென அனுப்பப்பட்ட அலுவலர்கள் இருவர், துக்கம் கேட்க வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்ததையும், பெற்றோர் கேட்ட செய்திகளைச் சொல்லாததையும் அறிக்கை கண்டிக்கிறது. நெல்சன் மண்டேலா மே 6 அன்று அவர்களைச் சந்தித்தார். மறுநாள்தான் முதல் கைதுகள் நடந்தன. இவை சரி. ஆனால் தந்தையும் தாயும் பெரும்பாலும் ஒரே பெயர்போலச் சேர்ந்தே வருகிறார்கள். ஒரே துயரம், ஆகவே ஒரே தேவை என்ற எண்ணம் நம்மை அறியாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது.

காலம் அதனை மறுத்துவிட்டது. 2012-இல் கொலையாளிகளுள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2018-இல், மகன் இறந்த இருபத்தைந்தாம் ஆண்டில், தந்தை நெவில் லாரன்ஸ் கிறித்தவ நம்பிக்கையின் துணையோடு கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டில் தாய் டொரீன், செய்த தவற்றுக்கு வருந்தாதவர்களை மன்னிப்பதற்கில்லை என்றார். ஒரே மகன், ஒரே கத்தி. ஒருவருக்கு மன்னித்தல் மூச்சாயிற்று; மற்றவருக்கு மன்னிக்காதிருத்தலே உண்மையாயிற்று.

இவ்விடத்தில் நம் மறையுரை மேடைகளையும் துக்க வீட்டுச் செபங்களையும் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மன்னிப்பு நற்செய்தியின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை வந்தவுடன், வாசற்படியிலேயே, எல்லாருக்கும் ஒரே அளவில் ஊற்றிக்கொடுக்கிறோம். டொரீன் நம் பங்கில் இருந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்போம்? நெவிலை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்திருப்போம். டொரீனுக்காகச் 'சிறப்பாக' மன்றாடியிருப்போம். எரிகோவின் சமாரியர் கள்வரை மன்னிக்கும்படி காயப்பட்டவரிடம் கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

இவ்வறிக்கையின் டுவேன் புரூக்ஸ் அதிகாரத்தையேனும் யாராவது தமிழில் தர வேண்டும். பெயர்ப்பவருக்கு முதல் வரியிலேயே ஒரு சிக்கல் காத்திருக்கும். நம் செய்தித்தாள்கள் எழுதிப் பழக்கிய 'பாதிக்கப்பட்டோர்' என்ற பன்மை இங்கே உதவாது. அது ஆட்களைக் கூட்டமாக்கி விழுங்கிவிடும். 'இரையானவர்' என்றால் டுவேனே ஒப்பமாட்டார்: பின்னாளில் இலண்டனில் நகர்மன்ற உறுப்பினராய்ப் பணியாற்றியவர் அவர். சொல்லைத் தேடுமுன் அந்த இளைஞர் கத்திய கத்தலைப் பெயர்ப்பவர் ஒருமுறை காதில் வாங்கிக்கொள்ளட்டும்: ஊர்தி எங்கே, ஏன் இன்னும் வரவில்லை?