கால்வாய்க் கரையில் சைக்கிள்

மலையேற்றத்தில்தான் சைக்கிள் ஓட்டுவதன் பெருமை இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ போகட்டும். எனக்குச் சமவெளி போதும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தொடங்கி, தாமிரபரணியின் தென்பக்கமாகக் கால்வாய்க் கரையும் குளத்தங்கரையும் ஊராட்சிச் சாலையுமாகக் கிழக்கே இறங்கி, காயல்பட்டினத்தில் முடிகிற ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இணையாக நான் ஓட்டிப் பார்த்த வேறெந்தப் பாதையையும் சொல்லமாட்டேன். லாரியும் பேருந்தும் திருச்செந்தூர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும். கரையில் எதிர்ப்படுவது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரும், புல்லுக்கட்டு ஏற்றிய டி.வி.எஸ். எக்செல்லும், வரப்பிலிருந்து ஏறி நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபக்கம் இறங்கும் ஆடுகளும்தான்.

சமவெளியில் ரசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இந்தத் தரை எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு ஓட்டினால் அந்தக் கேள்வி எழாது. இதில் பாதி ஆறு கொண்டுவந்து போட்ட மண். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் வணிகம் காயலுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியபோது, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் இங்கே வந்துகொண்டிருந்தன. அவர் சொன்ன காயல் பழையகாயல்தான் என்பது கொற்கையிலும் அங்கும் தோண்டிப் பார்த்த கால்டுவெல்லின் முடிவு. அந்தப் பழையகாயலும் இன்று கடற்கரையில் இல்லை. என் பாதையைவிட்டு விலகி முக்காணியில் பாலம் தாண்டிக் கொற்கைப் பக்கம் திரும்பும்போது, ஒருகாலத்தில் தோணிகள் நின்ற இடத்தின்மேல் டயர் உருள்கிறது. ஓட்டம் குறைந்து தேங்கிய தண்ணீரில் மெல்லப் படிந்த வண்டல் இது. சக்கரம் இங்கே வழுக்கிப் போகிற மாதிரி வேறெங்கும் போவதில்லை.

மீதிப் பாதியைச் செய்தவர்கள் கால்வாய் வெட்டியவர்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் அவர்கள் காலத்தது, 1873இல் முடிந்தது. அதன் இரு பக்கமும் வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றிலிருந்து பிரிந்த கால்வாய் ஆற்றைவிடக் குறைந்த சரிவில் ஓட வேண்டும். அப்போதுதான் போகப் போக ஆற்றுக்கு மேலே நிற்கும். இடையில் கிடக்கும் வயல்கள் எல்லாவற்றுக்கும் தானாகவே பாயும். சரிவு கூடினால் கரையை அரிக்கும், குறைந்தால் மண் தங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த நுட்பமான இறக்கத்தை வெட்டியவர்கள் எங்கெங்கோ வளைந்து நெளிந்து கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு அது தெரியாது. நாலைந்து கிலோமீட்டர் ஒரே சீராக மிதித்த பிறகு, மூச்சு ஏறவே இல்லையே என்று உணரும்போதுதான் தெரியும். தண்ணீரும் நாமும் ஒரே கணக்கில் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

கால்வாய் மேட்டு விளிம்பைப் பிடித்துப் போவதால் இன்னொரு அழகும் சேர்கிறது. கிழக்கே போகிறவருக்கு இடப்பக்கம் பள்ளத்தில் நெல்லும் வாழையும். வலப்பக்கம் பனையும் உடையும் நிற்கும் பொட்டல். இன்னும் தெற்கே போனால் குதிரைமொழித் தேரியின் சிவப்பு மணல். ஒரே பார்வையில் பச்சையும் சிவப்பும் விழுகின்றன. இரண்டையும் பிரிப்பது இந்தக் கால்வாயின் அகலம்தான். திருநெல்வேலிச் சீமையின் நிலவியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் இடம் வேறில்லை.

பிரான்ஸில் 1681இல் திறந்த மிதி (Canal du Midi) கால்வாய் 240 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் சைக்கிள் ஓட்ட உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே கரைப்பாதை படகுக்காகப் பிறந்தது. கரையில் நடந்த குதிரைகள் படகை இழுத்துப் போயின. நம் கால்வாயில் படகு ஓடியதில்லை. இங்கே பாதை பிறந்தது தூர் எடுத்ததால். குடிமராமத்து என்று ஊரே இறங்கிக் கால்வாயைத் தூர்வாரி, எடுத்த மண்ணைக் கரையில் போட்டு மிதித்துத் திமிசு போட்டது. அப்படி அடுக்கடுக்காக ஏறிய கரைமேல் மடை திறந்து அடைக்கும் மடைக்குடும்பர்கள் நடந்து நடந்து தடம் விழுந்தது. அந்தத் தடத்தில்தான் இன்று சில இடத்தில் தார், சில இடத்தில் சரள், சில இடத்தில் இருபுறமும் புல் முளைத்த ஒற்றையடிப் பாதை. உலா வருகிற ஐரோப்பியப் பாதைகளின் நேர்த்தி இதில் இல்லை. வேலைக்காக உண்டான பாதை என்பதால் எனக்கு இது பிடிக்கிறது. இன்னும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு மடையடியில் ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்தவர் கேட்டார்: “எந்த ஊரு தம்பி?” “காயல்பட்டணம் அண்ணாச்சி.” “நாளைக்கி இந்தக் கரையில வராதிய. தண்ணி கூட விடுதாவ, கரை ஊறிக் கெடக்கும்.” எந்த வரைபடமும் இந்தத் தகவலைத் தராது. கரையில் ஓட்டுகிறவர் மடையில் நிற்பவரிடம் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவதுதான் நல்லது.

இந்த ஓட்டத்தில் கியர் எதற்கு என்று கேட்டால், காற்றுக்கு என்பேன். மேடில்லாத நாட்டில் காற்றுதான் மேடு. எங்கள் கரையில் அதற்குத் திசைக்கொரு பெயர் உண்டு: மேற்கே இருந்து வருவது கச்சான், கிழக்கே இருந்து வருவது கொண்டல், வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து சோழகம். கடலுக்குப் போகிறவர்களின் இந்தக் கணக்கு சைக்கிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் கச்சான் பகலெல்லாம் ஓயாது. அப்போது சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றி ஸ்ரீவைகுண்டத்தில் இறக்கிக்கொண்டு, முதுகில் காற்றை வாங்கிக் கீழே வர வேண்டும். கால் சும்மா இருந்தாலும் வண்டி ஓடும். கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறந்திருந்தால் கால்வாயும் பக்கத்தில் கூடவே ஓடி வரும். மார்கழி, தையில் திசை மாறிவிடுகிறது. அப்போது காயல்பட்டினத்திலிருந்து புறப்பட்டுக் கொண்டலை முதுகில் வாங்கி மேற்கே ஏறுவதுதான் சுகம். பங்குனியில் விடியலில் தரைக்காற்று, பத்து பதினோரு மணிக்குமேல் கடற்காற்று. சுபுஹுத் தொழுகை முடித்துக் கிளம்பி, கடற்காற்று எழும்புமுன் வீடு திரும்புகிற மாதிரி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எதிர்காற்றில் முதுகை வளைத்து, சின்னப் பல்லில் போட்டு, மிதியின் வேகம் குறையாமல் காப்பதும் ஒரு வித்தைதான். ஆனால் காற்றின் நேரமறிந்து புறப்படுவது அதைவிட உயர்ந்த வித்தை என்பது என் கட்சி.

டயர் மெலிந்ததாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இங்கே கொஞ்சம் தடித்த டயரைக் காற்றுக் குறைத்து ஓட்டுவதே சரி. மதகுக்கு மேலே போட்ட கல்பாலத்தின் விளிம்பு விரல்வரை உதைக்கும். பிசான அறுவடை முடிந்த நாட்களில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். பிறகு உளுந்துச் செடி. அதன்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. நேராக, மிதிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல் கடந்துவிட வேண்டும். காய்ந்த செடி டயருக்கடியில் நொறுங்கும் சத்தம் எனக்கு இந்தப் பாதையின் பருவ அடையாளம்.

காரில் போகிறவருக்குக் கிடைக்காத ஒன்று குளிரின் வரிசை. கால்வாயை ஒட்டி வரும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு ஈரம். ஊருக்குள் நுழைந்ததும் சூடு, சாணப்புகை, இட்லி வேகும் வாசனை. வாழைத் தோப்புக்கு இடையே காற்றே இல்லாத ஒரு புழுக்கம். ஆத்தூர்ப் பக்கம் வந்தால் கொடிக்கால். அகத்தியைப் பற்றி ஏறிய வெற்றிலைக் கொடிகள் நெருங்கி நிற்க, அடியில் தண்ணீர் கட்டியிருக்கும். அந்த வேலியோரம் கடக்கிற கொஞ்ச நேரத்துக்குள் உடம்பு வேர்வை அடங்கிவிடும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரத்தை வாயில் போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். அது விளைகிற நிழலின் அருமை சைக்கிளில் போகிறவருக்குத்தான் தெரியும்.

தென்திருப்பேரைக்கும் குரும்பூருக்கும் இடையே கிடக்கிற கடம்பாகுளம் இந்த ஓட்டத்தின் உச்சம். தென்காலின் தண்ணீர் வந்து சேர்கிற பெரிய குளம் இது. நிறைந்த நாளில் கரையேறினால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டியவரை நீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்வாக வயல். தண்ணீர் மட்டத்துக்கும் நெல்லின் தலைக்கும் நடுவே, நீர்தான் உயரம் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் சைக்கிளுக்குப் பயப்படுவதில்லை. மோட்டார் சத்தம் கேட்டால்தான் எழும்பும்.

கோயில்களைப் பற்றி ஒன்று. உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகள் கரை ஒதுங்கிய இடங்களில் நவகைலாயங்கள் எழுந்தன என்பது தலபுராணம். கடைசிப் பூ சேர்ந்த இடம் ஆத்தூரை அடுத்த சேர்ந்தபூமங்கலம். வேனில் வருகிறவர்கள் நடை திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு முன்னும் பின்னுமாகப் போகிறார்கள். ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, சேர்ந்தபூமங்கலம் என்று பூ மிதந்த வரிசையிலேயே, ஏறத்தாழ அது மிதந்த வேகத்திலேயே போக சைக்கிள்காரருக்கு வாய்க்கிறது. நான் தொழுவது வேறிடம். ஆனாலும் ஆழ்வார்திருநகரியின் புளியமர நிழலைத் தொட்டு வரும் தெருவில் வேகத்தைக் குறைக்காமல் நான் போனதில்லை.

2023 டிசம்பரில் இந்தச் சமவெளி வேறொரு முகத்தைக் காட்டியது. 17ஆம் தேதி தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. குளங்கள் உடைந்தன, கால்வாய்க் கரைகள் அறுந்தன, ஏரல் மூழ்கியது. மேடில்லாத ஊரில் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை, மனிதருக்கும் இல்லை. அதற்குப் பிறகு கரையில் ஓட்டும்போது புதுமண் போட்டு அடைத்த இடங்களை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். சக்கரமும் அங்கே சற்று அமுங்கும். கரையைச் சீர்செய்யும்போது அகலமாக்கி நாலுசக்கர வண்டிப் பாதையாக மாற்றும் ஆசை யாருக்காவது வந்தால், நான் எதிர்ப்பேன். பாரவண்டி ஏறினால் கரை இறுகுவது போலத் தோன்றும். ஆனால் ஓரம் வெடிக்கும், மழையில் அந்த வெடிப்பில்தான் முதலில் தண்ணீர் புகும். மண்வெட்டிக்காரரும் ஆடும் சைக்கிளும் போகிற அளவுக்கு விட்டுவைத்தால் கரைக்கும் நல்லது.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமையைத் தவிர்க்கவும். நவதிருப்பதிப் பெருமாள் கோயில்களுக்கு வரும் வேன்கள் எல்லாச் சின்னச் சாலைகளையும் நிறைத்துவிடும். புரட்டாசி என்றால் சொல்லவே வேண்டாம். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பம்ப், உடைமுள்ளுக்கு இரண்டு மாற்று டியூப். குரும்பூரில் காலைச் சாப்பாடு. ஆத்தூரில் நேரம் இருந்தால் புன்னைக்காயல் சாலையில் திரும்பி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்வரை போய்விட்டு வாருங்கள். காயல்பட்டினத்துக்குள் நுழையும்போது மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு வரவும்: வீடுகளுக்கு இடையே ஓடும் முடுக்குகள் பெண்கள் நடமாடுவதற்காக விட்டவை, அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை.