ஒரு மாத விழாவும் வாழ்நாள் மனந்திரும்புதலும்

கார்ட்டர் உட்சன் 1926இல் ஒரு வார நினைவாகத் தொடங்கிய கறுப்பின வரலாற்று விழா, 1976இல் தேசிய அளவில் ஒரு மாதமாக விரிந்தது. பிப்ரவரிதோறும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதனைச் சொற்பொழிவு, இசை, கூட்டு விருந்து என நடத்துகின்றன. இதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. மறக்கப்பட்டோரின் பெயர்கள் மீண்டும் ஒலிக்கின்றன. ஆயினும், விழா எடுக்கும் நிறுவனம் தன் சொந்த வரலாற்றையும் அதே மேடையில் வாசிக்க வேண்டாமா?

இண்டியானாவிலுள்ள வால்பரைசோ பல்கலைக்கழகத்தை நோக்குவோம். பொருள் நெருக்கடியில் தத்தளித்த அதனை 1923இல் வெள்ளை இனவெறி இயக்கமான கூ கிளக்ஸ் கிளான் விலைக்கு வாங்க முற்பட்டது, அம்முயற்சி கைகூடவில்லை. 1925இல் லுத்தரன் சபையார் அதனை வாங்கினர். இதை மீட்பின் கதையாக மட்டும் கூறுதல் எளிது. ஆனால், கிளானின் கைக்குத் தப்பியது அதன் மனப்பான்மைக்கும் தப்பியதாகாது. அப்பல்கலைக்கழகத்தின் குறிக்கோள் வாசகம் 36ஆம் சங்கீதத்தினின்று எடுக்கப்பட்டது. அது ஒளியைப் பற்றியது. ஒளி அழகை மட்டுமன்று, கறையையும் காட்டும்.

விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பதே 1517இல் லுத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளுள் முதலாவதின் கருத்து. ஆகவே மாத விழா மனந்திரும்புதலுக்கு வாயிலாகலாம்; ஈடாகாது. மார்ச்சு முதல் நாளில் வகுப்பிலும் ஆசிரியர் அவையிலும் யாருக்கு இடமுண்டு என்பதைக் கொண்டே பிப்ரவரி விழாவை நாம் மதிப்பிடல் வேண்டும்.