ரசீதை மட்டும் படித்தால்...

ரோமானிய மதம் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் பலவற்றில் ‘டோ உத் டெஸ்’ என்ற லத்தீன் தொடர் வந்துவிடும். நீ தரவேண்டும் என்று நான் தருகிறேன் என்பது பொருள். அடுத்த வரியிலேயே தீர்ப்பும் வரும்: அவர்களுக்குப் பக்தி இல்லை, கடவுளோடு வியாபாரம்தான்.

இதற்குக் காட்டும் முக்கியமான சாட்சி காணிக்கைக் கல்வெட்டுகள். பேரரசு முழுக்கக் கிடைத்த ஏராளமான கற்களின் கடைசியில் வி.எஸ்.எல்.எம். என்று நாலே எழுத்து இருக்கும். ‘வேண்டுதலை மனமுவந்து, தெய்வத்துக்குத் தகும் என்பதால் செலுத்தினார்’ என்பதன் சுருக்கம். பார்த்தால் ரசீது மாதிரிதான் இருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். வேண்டியது நடந்தால்தான் கடன். கடன் அடைத்தால்தான் கல். குழந்தை பிழைக்கவில்லை என்றால் கல்லே கிடையாது. வெற்றியை மட்டும் பதிவு செய்யும் லாக் ஃபைலை வைத்துக்கொண்டு சிஸ்டம் எப்படி ஓடியது என்று சொல்ல முடியுமா? சிசரோவின் ‘தெய்வங்களின் இயல்பு’ நூலிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. சாமோத்ராக்கே தீவில் புயலுக்குத் தப்பியவர்கள் வைத்த படங்களைக் காட்டியபோது, மூழ்கிப்போனவர்கள் படம் வைப்பதில்லையே என்றாராம் தியாகோரஸ்.

கேட்கும்போது மனிதர்கள் எப்படிப் பேசினார்கள்? இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள், சூலிஸ் மினர்வா தேவிக்கு எழுதியவை. இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்த டோசிமெடிஸ் என்பவர், திருடனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார். இன்னொருவர், தொலைத்த ஆறு வெள்ளிக்காசுகளையே தேவிக்குக் கொடுத்துவிட்டேன், இனி அவளே வசூலிக்கட்டும் என்கிறார். கையில் இல்லாததைக் காணிக்கையாகக் கொடுப்பது என்ன வியாபாரம்? வேறு போக்கிடம் இல்லாதவர் பேச்சு இல்லையா இது?

ஒப்பந்த மொழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. கி.மு. 217இல் டிரசிமீன் ஏரிக்கரையில் ஹன்னிபாலிடம் தோற்றபின் ரோம் செய்த வேண்டுதலில், பலிக்கான விலங்கு திருடுபோனால் பறிகொடுத்தவர்மேல் குற்றமில்லை என்பது வரை ஷரத்து உண்டு. ஆனால் ஹன்னிபால் இத்தாலிக்குள் இருக்கும்போது எழுதிய ஷரத்து அது. ஒரு சொல் பிசகினாலும் தெய்வம் கைவிட்டுவிடுமோ என்ற பயம்தான் அதில் எனக்குத் தெரிகிறது.

நேர்த்திக்கடன் என்று நாமும்தான் சொல்கிறோம். ‘கடன்’ என்ற சொல் இருப்பதாலேயே அதை வட்டிக்கடை என்று யாரும் நினைப்பதில்லை. ரோமானியருக்கும் அந்த நியாயத்தைக் கொடுக்கலாம்.