ஸ்டாலின்கிராடில் எத்தனை தானியங்கித் துப்பாக்கிகள்?

போர் கேம்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு கோடு போட்டுவிடுவது நம் வழக்கம். ஒரு முனையில் யதார்த்தம், மறுமுனையில் எளிமை. ஒரு கேம் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று புள்ளி வைத்துவிட்டால் விமர்சனம் முடிந்தது. இரண்டாம் பாகம் வரும்போது இந்தக் கோடு இன்னும் வசதி. புள்ளி எளிமைப் பக்கம் நகர்ந்திருந்தால் பழைய ரசிகர்கள் “வித்துட்டாங்க” என்பார்கள். யதார்த்தப் பக்கமே நின்றிருந்தால் புதிதாக வந்தவர்கள் “இதை யார் விளையாடுறது?” என்பார்கள். தயாரித்தவர்கள் நடுவில் எங்கேயோ நின்று இரண்டு பக்கமும் அடிவாங்குவார்கள்.

இந்தக் கோடே தப்பு என்பது என் கட்சி. அதை விளக்க 2011 செப்டம்பரில் வெளிவந்த ‘ரெட் ஆர்கெஸ்ட்ரா 2: ஹீரோஸ் ஆஃப் ஸ்டாலின்கிராட்’டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அடிவாங்கிய கேம் அது. ஆனால் அது சரியாகச் செய்த ஒன்றுக்கும் திட்டு வாங்கியது, தப்பாகச் செய்த ஒன்றுக்கும் அதே திட்டை வாங்கியது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

வரலாறு சுருக்கமாக. ‘அன்ரியல் டோர்னமென்ட் 2004’ என்ற வேகமான, எதிர்காலத்தில் நடக்கும் கேமை எடுத்து, அதன் உள்ளே இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையைக் கட்டினார்கள் சில ஆர்வலர்கள். சம்பளமில்லாத வேலை. எபிக் நிறுவனம் நடத்திய போட்டியில் அந்த ‘மாட்’ முதல் பரிசு வென்றது. பரிசோடு எஞ்சினைப் பயன்படுத்தும் உரிமமும் கிடைத்தது. அதை வைத்து ட்ரிப்வயர் இன்டராக்டிவ் என்ற நிறுவனம் பிறந்தது. 2006இல் ‘ரெட் ஆர்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃப்ரண்ட் 41-45’ வந்தது. ஐந்து வருடம் கழித்து இரண்டாம் பாகம்.

முதல் பாகம் பிடிவாதமானது. திரையின் நடுவில் குறிகாட்டி கிடையாது. துப்பாக்கியைத் தூக்கி அதன் சைட் வழியாகத்தான் குறிபார்க்கவேண்டும். எத்தனை குண்டு மிச்சம் என்ற எண் கிடையாது. மோசின் ரைஃபிளால் சுட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டும். தூரத்தில் ஒருவனைச் சுட்டாச்சு, விழுந்தானா, குனிந்தானா? தெரியாது. இந்தத் ‘தெரியாது’க்காகவே அந்த கேமைக் காதலித்தவர்கள் உண்டு.

இரண்டாம் பாகம் இவற்றில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொண்டு சிலவற்றைச் சேர்த்தது. சேர்த்தவற்றில் முதலில் சண்டைக்கு வந்தது ஜூம். சைட் வழியாகப் பார்க்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் மூச்சு அடங்கும், பார்வை கொஞ்சம் நெருங்கும். “மனுஷன் கண்ணில் லென்ஸா இருக்கு?” என்று பழைய ஆட்கள் கொதித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1920 பிக்சல் அகலமுள்ள திரை, 90 பாகைப் பார்வைக் கோணம். 100 மீட்டர் தூரத்தில் அந்தத் திரை 200 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது. அதாவது ஒரு மீட்டருக்குப் பத்து பிக்சல்கூட இல்லை. அரை மீட்டர் தோள் அகலமுள்ள மனிதன் அங்கே ஐந்து பிக்சல். சாதாரணமான நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அதே மனிதன் அந்தக் கண்ணுக்குப் பதினேழு புள்ளி அகலம். 200 மீட்டருக்குப் போனால் திரையில் அவன் இரண்டரை பிக்சல், கண்ணுக்கு எட்டுக்கு மேல். ஜூம் இல்லாத கேமில் நீங்கள் 1942இன் சிப்பாய் கிடையாது. கண்ணாடியைத் தொலைத்துவிட்டுப் போர்முனைக்கு வந்த சிப்பாய்.

ஆக ஜூம் எளிமைக்காகச் செய்த சமரசம் என்று சொல்லமுடியாது. திரை என்ற கருவியின் குறையை அது ஈடுகட்டுகிறது. மேகசினும் இப்படித்தான். எண் காட்டாத இந்தக் கேம்கள், மேகசின் கனமாக இருக்கிறதா லேசாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சிப்பாயின் கைக்குத் தெரிவது மவுஸ் பிடித்த கைக்குத் தெரியாது. அந்த இடைவெளியை ஒரு வரி நிரப்புகிறது. இரண்டாம் பாகம் சேர்த்த இன்னும் சிலவும் இந்த வகை. சுவரோடு ஒட்டி நிற்பது, ஜன்னலைத் தாண்டிக் குதிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. உடம்பு யோசிக்காமல் செய்வதை விசைப்பலகையில் செய்ய ஒரு வழி, அவ்வளவுதான்.

இங்கிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. சிப்பாயின் உடம்புக்குத் தெரிந்ததை கேம் தாராளமாகக் கொடுக்கலாம். அவனுக்குத் தெரியவே முடியாததைக் கொடுக்கக்கூடாது. மேகசினின் கனம் முதல் வகை. குண்டு பட்டதும் திரையில் மின்னும் அடையாளம் இரண்டாம் வகை. முதல் வகையைக் கொடுத்தால் கேம் எளிதாகும், யதார்த்தமும் கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறமுடியும் என்றால் அவை ஒரே கோட்டின் இரு முனைகளாக எப்படி இருக்கும்?

*

அப்படியானால் பழைய ரசிகர்கள் சொன்னது எல்லாமே புலம்பலா? கிடையாது. ஜூமில் அவர்கள் தப்பு. இன்னொன்றில் அவர்கள்தான் சரி.

இரண்டாம் பாகம் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2007இல் வந்த ‘கால் ஆஃப் ட்யூட்டி 4’ ஒரு பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. விளையாட விளையாடப் புள்ளி சேரும், நிலை உயரும், புதுத் துப்பாக்கி திறக்கும். இது இல்லாமல் ஒரு ஷூட்டரை விற்கமுடியாது என்ற எண்ணம் துறை முழுக்கப் பரவியிருந்த நேரம். ட்ரிப்வயரும் அதைச் சேர்த்தது. ஒரு துப்பாக்கியை நிறையப் பயன்படுத்தினால் அதற்கான கூடுதல் பாகங்கள் திறக்கும். கடைசியில் ‘ஹீரோ’ ஆகலாம்.

இதன் விளைவுகளில் ஒன்று வேடிக்கையானது. சோவியத் பிபிஎஸ்ஹெச்-41 துப்பாக்கி வரலாற்றில் வட்டமான 71 குண்டுப் பெட்டியோடுதான் முதலில் வந்தது. 35 குண்டு பிடிக்கும் வளைந்த பெட்டி பின்னால் வந்தது. கேமில் வரிசை தலைகீழ். சின்னப் பெட்டியோடு ஆரம்பித்து, உழைத்து, வட்டப் பெட்டியைச் சம்பாதிக்கவேண்டும். வெகுமதி என்றால் பெரிதாகத்தானே இருக்கவேண்டும்!

மற்றது வேடிக்கை இல்லை. ஜெர்மன் பக்கம் எம்கேபி 42 என்ற துப்பாக்கி கேமில் கிடைத்தது. பின்னாளில் எஸ்டிஜி 44 ஆன துப்பாக்கியின் முன்னோடி. 1942 இறுதிவாக்கில் சோதனைக்காகச் சிறு எண்ணிக்கையில் வெளிவரத் தொடங்கிய ஒன்று. ஸ்டாலின்கிராடில் சாதாரண ஜெர்மன் காலாட்படைச் சிப்பாய் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டான். கேமில் அது திரும்பத் திரும்ப உங்களைக் கொன்றது.

தானியங்கித் துப்பாக்கியே அந்த நகரத்தில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. சுய்கோவின் 62ஆவது படை, வீடு வீடாகச் சண்டை போடச் சிறு தாக்குதல் குழுக்களை அமைத்தது; சப்மெஷின் துப்பாக்கியும் கையெறி குண்டும்தான் அவற்றின் முதன்மை ஆயுதங்கள். எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்தப் போரில் நல்ல ஆயுதம் என்பது பற்றாக்குறைப் பொருள். யாரிடம் எது இருக்கிறது என்பதை வைத்தே யார் முன்னால் போவது, யார் ஜன்னலில் நிற்பது, யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதெல்லாம் முடிவாகும். கையில் போல்ட் ரைஃபிள் மட்டும் இருப்பவன் தனியாகத் தெருவைத் தாண்டமாட்டான். மெஷின் கன்காரன் வரட்டும் என்று நிற்பான். பற்றாக்குறைதான் அந்நியர்களான 32 பேரை ஒரு அணியாக்குகிறது.

முதல் பாகத்தில் இந்தச் சமூகம் தானாக உருவானது. தொடங்கும்போதே சப்மெஷின் துப்பாக்கிக்கு இத்தனை இடம், ஸ்நைப்பருக்கு இவ்வளவு என்று அளந்து வைத்திருப்பார்கள். மீதிப்பேர் ரைஃபிள்தான். இரண்டாம் பாகத்திலும் அந்த அளவு உண்டு, ஆனால் தாராளமாகிவிட்டது. மேலே ஒரு தனிமனிதக் கணக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் நிலை, என் துப்பாக்கி, என் பாகங்கள். அணி ஓரிடத்தைப் பிடிக்கப் போகும்போது, தன் துப்பாக்கிக்குப் புள்ளி சேர்க்க ஒருவன் பின்னால் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

ஜூம் ஒரு சிப்பாயின் பார்வையைச் சரிசெய்தது. இது போரின் பொருளாதாரத்தையே மாற்றியது. இரண்டையும் ‘எளிமைப்படுத்தல்’ என்ற ஒரே மூட்டையில் கட்டியதுதான் அன்றைய விவாதத்தின் கோளாறு.

*

“சரி, இரண்டு பேருக்கும் தனித்தனி மோட் கொடுத்துவிட்டால்?” மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் இந்தப் பதில் தெரியும். முடிவெடுக்க முடியாத இடத்தில் ஒரு செட்டிங் வைத்துவிடுவோம். ட்ரிப்வயரும் அதைத்தான் செய்தது. வெளியீட்டிலேயே ‘ரியலிசம்’, ‘ரிலாக்ஸ்ட் ரியலிசம்’ என்று இரண்டு. பிறகு குறிகாட்டியும் குறைந்த உதைப்பும் உள்ள ‘ஆக்‌ஷன்’ மோட். பழையவர்களுக்காக, எம்கேபி போன்ற அரிய ஆயுதங்களை விலக்கிய ‘கிளாசிக்’ மோட்.

செட்டிங் இலவசம் என்று நினைப்போம். 64 பேர் சேர்ந்தால்தான் உயிர்வரும் கேமில் அது இலவசம் இல்லை. ஒவ்வொரு மோடும் கூட்டத்தைப் பிரிக்கும். பெரிய நிறுவனத்தின் கேம் என்றால் நான்காகப் பிரிந்தாலும் ஒவ்வொரு பங்கும் ஒரு ஊர். சின்ன நிறுவனத்தின் கேம் நான்காகப் பிரிந்தால் காலியான சர்வர்கள்தான் மிஞ்சும். புதிதாக வருபவர் எளிய மோடில் யாரும் இல்லாததால் கடினமான மோடுக்குப் போய், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செத்து, கேமை மூடிவிடுவார்.

2013இல் ட்ரிப்வயரின் தலைவராக இருந்த ஜான் கிப்சன், பிசி கேமர் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், கால் ஆஃப் ட்யூட்டி ஒரு தலைமுறை விளையாட்டாளர்களைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டது என்று சொன்னார். திறமையுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள இடைவெளியை அந்த கேம் செயற்கையாகச் சுருக்கிவிட்டது என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் பழியை வீரர் மேல் போடுவது சுலபம். புதியவரை விரட்டியது குறிகாட்டி இல்லாததுதானா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரை விரட்டியது பாடமில்லாத சாவு. எங்கிருந்தோ ஒரு குண்டு, திரை இருட்டு. யார், எங்கிருந்து, நான் செய்த தப்பு என்ன? இது முழு யதார்த்தம்தான். செத்த சிப்பாய் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் கேமில் செத்தவர் சில நொடிகளில் மறுபடி வரப்போகிறார்; அவர் கற்றுக்கொண்டே ஆகவேண்டும். அந்த நொடிகளில் அவர் சிப்பாய் இல்லை, மாணவர். அங்கே யதார்த்தத்துக்கு வேலையே இல்லை. சுட்டவன் இருந்த இடத்தை உடனே காட்டினால் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்ததாகும் என்பது நியாயமான எதிர்வாதம். சரி, இடத்தை ஆட்டம் முடிந்தபின் காட்டலாம். சாகும்போது தூரத்தையும், நாம் எவ்வளவு நேரம் அவன் பார்வையில் நின்றோம் என்பதையும் மட்டும் சொல்லலாம். துப்பாக்கியைப் பரிசாகத் தருவதற்குப் பதிலாக அறிவைத் தந்திருந்தால், போரையும் கெடுத்திருக்கவேண்டாம், புதியவரையும் இழந்திருக்கவேண்டாம்.

*

இதே குழுமத்திலிருந்து 2013இல் வந்த ‘ரைசிங் ஸ்டார்ம்’ என் அளவுகோலைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. பசிபிக் போர். அமெரிக்கர்கள் கையில் அரைத்தானியங்கி எம்1 கேரண்ட், ஜப்பானியர்கள் கையில் போல்ட் ரைஃபிள். சமநிலைக்காக ஜப்பானியருக்குத் தானியங்கிகளை அள்ளிக் கொடுக்கவில்லை; பற்றாக்குறையை மதித்தார்கள். அதற்கு ஈடாக வந்தவற்றில் ஒன்று பன்சாய் பாய்ச்சல். கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடினால் எதிரியின் கை நடுங்கும், ஓடுபவர் கூடுதல் குண்டைத் தாங்குவார்.

கூடுதல் குண்டைத் தாங்கும் உடம்பு உலகத்தில் கிடையாது. ஆனால் எதிரில் நிற்பவனுக்கு வரும் பயம் உண்மை. அந்த வகையில் இது அபாரமான வடிவமைப்பு. இன்னொரு வகையில் எனக்கு நெருடுகிறது. 1944 ஜூலை 7 அன்று சைபன் தீவில் நடந்த பாய்ச்சலில் 4,000க்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் செத்தார்கள். நடக்கமுடியாத காயம்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். தோல்வி உறுதியான பிறகு நடந்த வீண் சாவு அது. கேமில் அது வெல்லும் உத்தி. பயத்தைச் சரியாகச் சொன்ன அதே விதி, வீணைப் பொய்யாக்கிவிட்டது.

இவ்வளவு நுணுக்கிப் பார்க்கவேண்டுமா, விளையாட்டுதானே என்று கேட்கலாம். ஸ்டாலின்கிராடில் சோவியத் பக்கம் மட்டும் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சுமார் 4,78,000 பேர். அந்தப் பெயரைப் பெட்டியில் போட்டு விற்கும் கேமுக்கு ஒரு கடன் இருக்கிறது. நம்மில் பலருக்கு அந்த நகரம் அறிமுகமானதே ஒரு கேம் வழியாகத்தான். தானியக் கிடங்கையும் பாவ்லோவின் வீட்டையும் பாடப்புத்தகத்தில் பார்த்ததைவிட மேப்பாகப் பார்த்தவர்கள் அதிகம். ஜெர்மானியர்கள் புதுவகைத் தானியங்கிகளோடு அந்தப் படிகளில் ஏறினார்கள் என்று ஒருவன் நினைத்துக்கொண்டால், அதைத் திருத்த வேறு யாரும் வரப்போவதில்லை.

ரெட் ஆர்கெஸ்ட்ரா 2 இதையெல்லாம் தாண்டியும் அந்தக் கடனில் பெரும்பகுதியைக் கட்டியது என்றே நினைக்கிறேன். அதில் ஒரு சாவு உண்டு. குண்டு பட்டும் உடனே விழமாட்டீர்கள். நிறம் வெளுக்கும், சில நொடி கையில் இருக்கும், துப்பாக்கியும் கையில் இருக்கும், கட்டுப் போட்டும் பயனிருக்காது. அந்த நொடிகளால் யாருக்கும் புள்ளி உயர்வதில்லை, எதுவும் திறப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள எந்தப் புதியவருக்கும் தனி மோட் தேவைப்படவில்லை. அடுத்த பாகம் எடுக்கிற எவரும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்.