சன்மானமும் தருமமும்

என் முதல் கதை அச்சானபோது பத்திரிகைக்காரர் ஒரு பிரதி அனுப்பியதோடு சரி. கூச்சத்தை விட்டு, சன்மானம் உண்டா என்று எழுதிக் கேட்டேன். 'உமது பேரை ஆயிரம் பேர் பார்க்கிறார்களே, அது போதாதா?' என்று ஒரு கார்டு வந்தது.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் நடக்கும் 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கார்டு என் ஞாபகத்துக்கு வருகிறது. 1987-ல் 150 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்து ஆரம்பித்தார்கள். 700 பேர் வந்தார்கள். பிறகு அது சர்வதேச விழாவாக வளர்ந்தது. மார்ச் மாதம் பிறந்தால் மதுக்கடையும் ஹோட்டலும் மேடையாகிவிடும். பேர் தெரியாத ராக் கோஷ்டிகள் பல தேசங்களிலிருந்தும் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும்.

இந்த இளைஞர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? இசைக் கலைஞர்களின் சங்கம் ஒன்று கணக்கைச் சந்திக்கு இழுத்தது. விண்ணப்பம் போட 55 டாலர் கட்டணம். தேர்வாகி வாசித்தால், கோஷ்டி முழுவதற்கும் சேர்த்து 250 டாலர். அது வேண்டாமென்றால் விழாவைச் சுற்றிப் பார்க்க அனுமதிக் கைப்பட்டை. வெளிநாட்டுக் கோஷ்டிக்கோ கைப்பட்டை மட்டும்தான். சங்கம் 750 டாலர் கேட்டது. 2024-ல் 250 என்பது 350 ஆயிற்று.

'அங்கே வாசித்தால் அதிர்ஷ்டம் அடிக்குமே' என்பார்கள். அடித்ததும் உண்டு. ஹான்ஸன் சகோதரர்கள் மூவரும் 1994-ல் அங்கே பாடிக் காட்டித்தான் ஒரு மானேஜரைப் பிடித்தார்கள். 1997-ல் அவர்கள் பாட்டு உலகமெல்லாம் ஒலித்தது. ஆனால் லாட்டரியில் ஒருவனுக்குப் பரிசு விழுந்தது என்பதற்காக, மற்றவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது என்று கணக்கெழுத முடியுமா? பசி இருந்தால்தான் கலை பிறக்கும் என்பதும் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் சொல்லும் வாக்குத்தான்.

அதே ஊரில் இன்னொரு கதையும் இருக்கிறது. 'பாரையா' என்று ஒரு ராக் கோஷ்டி. 1993-ல் பெரிய கம்பெனி ஒன்று அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது. பேஸ் கிதார் வாசித்த ஸிம்ஸ் எல்லிஸன், மனச்சோர்வோடு போராடி, 1995-ல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் குடும்பத்தாரும் நண்பர்களும் அந்த வருஷமே ஒரு தரும ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். 'ஸிம்ஸ் பவுண்டேஷன்' என்ற அந்த ஸ்தாபனம், இசைக் கலைஞர்களின் மனநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை கிடைக்க வழி செய்கிறது. 2005-ல், வருமானம் குறைந்த கலைஞர்களின் உடல் வைத்தியத்துக்காக இன்னொரு ஸ்தாபனமும் தோன்றியது.

கோஷ்டியின் பேரைப் பாருங்கள். 'பாரையா' என்ற ஆங்கிலச் சொல் நம்மிடமிருந்து போனது. பறை கொட்டியவர்களின் பேரிலிருந்து பிறந்தது. ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தையும் நாம்தான் கொடுத்து அனுப்பினோம். பறை ஒலிக்காமல் ஊரில் சாவு நகராது, சாமி புறப்படாது. கொட்டியவனுக்குக் கிடைத்ததோ மிஞ்சிய சோறும் ஊருக்கு வெளியே ஓர் இடமும். டெக்ஸாஸ் பையன்களுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருந்ததோ என்னவோ. இசை வேண்டும், இசைப்பவன் எப்படிப் போனால் என்ன என்ற குணம் எந்த ஊருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

மனநோய்க்குப் பணம் மருந்தல்ல. எல்லிஸனின் மரணத்துக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை. அந்த ஸ்தாபனங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கும்பிட்டுக்கொண்டே ஒன்று சொல்கிறேன்: தருமம் செய்கிறவன் கடன்பட்டவனல்ல, ஆனால் கடன்பட்டவன் தருமத்தின் நிழலில் நின்று நல்ல பேர் வாங்கிவிடக் கூடாது. விழாவில் ஒழுங்கான கூலி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வருகிற துன்பத்துக்குத் தருமத்தைக் கூப்பிட வேண்டும். முன்னது கடமை, பின்னது கருணை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அந்தப் பத்திரிகைக்காரர் பல வருஷங்கள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். நோயில் விழுந்த ஓர் எழுத்தாளருக்கு நிதி திரட்டுவதாகச் சொன்னார். என்னால் முடிந்ததைக் கொடுத்தேன்.

"நல்ல எழுத்தாளர் ஸார், உங்கள் பத்திரிகையில் அவர் எத்தனை கதை எழுதியிருப்பார்?" என்று கேட்டேன்.

"நாற்பதுக்குக் குறையாது" என்றார் பெருமையோடு.

"என்ன கொடுத்தீர்கள்?"

அவர் ரசீதை எழுதி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.