நான்கு வயதில் அமைச்சு மாறும் பிள்ளை

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே கடற்பாலத்தைத் தாண்டியாக வேண்டும். பிள்ளையை எங்கே விடுவது? நான்கு வயதுக்குக் கீழென்றால் தாஸ்கா என்ற குழந்தைப் பராமரிப்பு மையம். அதைப் பதிவு செய்வது சமூக நல இலாகா. அதற்கு 1984ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நான்கு வயதானால் தாடிகா என்ற மழலையர் பள்ளி, அது கல்வி அமைச்சு. கெமாஸ் பாலர் பள்ளியென்றால் புறநகர் மேம்பாட்டு அமைச்சு. சமயப் பள்ளியில் சேர்த்தால் மாநில சமய இலாகா. ஒரே வீட்டுப் பிள்ளைகளை இத்தனை பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள்.

இந்த நிலையில், 2023இல் மத்திய அரசு சிறார் மேம்பாட்டுக்கெனத் தனி இலாகா அறிவித்ததை மனமார வரவேற்கிறேன். 1946இல் தொடங்கிய சமூக நல இலாகா முதியோர், மாற்றுத்திறனாளிகள், பேரிடர் எல்லாவற்றையும் சேர்த்தே சுமக்கிறது. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வெள்ளத்தில் மூழ்கியபோது துயர்துடைப்பு மையங்களைப் பார்த்துக்கொண்டதும் அதுதான். அந்த வாரங்களில் அடிபட்ட ஒரு குழந்தையின் கோப்பு காத்துக் கிடந்திருந்தால், அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் பெயர்ப்பலகை மட்டும் மற்ற இலாகாக்களை அசைத்துவிடாது. சிறார் சட்டத்தின் 2016 திருத்தம் தேசிய சிறார் மன்றத்தை அமைத்தது. 2019 முதல் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் சிறார் ஆணையரும் இருக்கிறார். அவர் பரிந்துரைக்கலாம், ஆணையிட முடியாது. 2024 செப்டம்பரில் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் குளோபல் இக்வான் என்ற இஸ்லாமிய வணிகக் குழுமத்துடன் தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 சிறார்களைக் காவல்துறை மீட்டது. அதுவரை அவர்களைக் கண்காணிக்க வேண்டியவர் யார்? இஸ்லாமிய சமய விவகாரம் மாநிலத்துக்கு உரியது என்கிறது அரசியலமைப்பு. புத்ராஜெயாவின் புதிய சிறார் இலாகா ஜொகூர் சமய இலாகாவிடம் ஒரு கோப்பைக் கேட்டு வாங்க எந்தச் சட்டப் பிரிவைக் காட்டும்? இதுதான் என் பெரிய கவலை.

இலாகாக்கள் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் வலியோடு கற்றது. 2000இல் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி சித்திரவதையில் இறந்தாள். மருத்துவமனை, காவல்துறை, சமூக நல அலுவலகங்கள் எல்லாமே அவளை முன்பே பார்த்திருந்தன. அவள் மரணத்தை விசாரித்த லாமிங் அறிக்கை 2003இல் வந்தது; மறு ஆண்டே, ஒத்துழைப்பதை உள்ளூர் அமைப்புகளின் சட்டக் கடமையாக்கினார்கள்.

நமக்கு அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 2001 சிறார் சட்டம் வகுத்த பாதுகாப்புக் குழுவில் நல அதிகாரி, மருத்துவர், காவல் அதிகாரி மூவரும் உறுப்பினர். மற்றவர்களை வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். கல்வி இலாகாவும் மாநில சமய இலாகாவும் ஜொகூரின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்தக் குழுவில் கட்டாயம் உட்கார வேண்டும். அதற்கு நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சேர்ந்தே சட்டம் செய்தாக வேண்டும்.