தறி எவருடையது? நூல் எவருடையது? – ‘பஞ்சும் பசியும்’ நாவலில் முதலும் உழைப்பும்

முன்னுரை

தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) தமிழ்ச் சோசலிச எதார்த்தவாத நாவல்களின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. நெல்லை வட்டாரக் கைத்தறி நெசவாளரின் வறுமையையும் எழுச்சியையும் பேசும் படைப்பு என்ற அளவிலேயே அது பெரிதும் அறியப்பட்டுள்ளது. முதலாளி, தொழிலாளி என்னும் இருமைக்குள் அதனை அடக்கிக் காணும் நோக்கு, நாவல் எழுப்பும் அடிப்படை வினா ஒன்றைத் தவறவிடுகிறது. தொழிற்கருவி உழைப்பவருக்கே உரிமையாக இருந்தும் அவர் ஏன் பசித்திருக்கிறார் என்பதே அவ்வினா. அதனை முன்வைத்து நாவலை மறுவாசிப்புச் செய்வதும், பெங்களூரு விவேக் நகரில் இன்று காணப்படும் உழைப்பு முறையோடு ஒப்பிட்டு அதன் பொருத்தத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தறியும் நூலும்

ஆலைத் தொழிலாளிக்கும் கைத்தறி நெசவாளிக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளி எந்திரத்திற்கு உரிமையாளர் அல்லர். நெசவாளியின் வீட்டிலோ தறி உண்டு, தறிக்குழி உண்டு, தலைமுறைத் திறனும் உண்டு. இல்லாதது நூல் மட்டுமே. நூலைப் பதுக்கவும் கள்ளச் சந்தையில் விலையேற்றவும் வல்ல பெருவணிகர் கையிலேயே தொழிலின் கடிவாளம் இருக்கிறது. நூல் வராத நாளில் தறி வெறும் மரச்சட்டம். அதற்கு உரிமையாளராக இருப்பதால் நெசவாளிக்கு ஒருவேளைச் சோறும் கிடைப்பதில்லை.

கருவியின் உரிமையும் முதலின் உரிமையும் ஒன்றல்ல என்னும் உண்மை இங்குப் புலனாகிறது. தறி பழுதானால் செலவு நெசவாளிக்கு. நூல் விலை ஏறினால் ஆதாயம் வணிகருக்கு. இழப்பு ஒரு பக்கமும் ஈட்டம் மறுபக்கமுமாகச் சேரும் இவ்வமைப்பில் சிறுவணிகரும் நிலைகுலைவதை நாவல் காட்டுகிறது. எனினும், துன்பத்தின் மூலத்தைப் பதுக்கல்காரரின் பேராசையில் மிகுதியாக ஏற்றிக் கூறுவது நாவலின் குறையாகும். நல்ல மனம் படைத்த வணிகர் ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பினும் நூலின் உரிமை மாறியிருக்காது. நாவல் தரும் விவரங்கள் அதன் அறச்சீற்றத்தைக் காட்டிலும் ஆழமானவை எனலாம்.

உப்பும் தோலும்

இதே சிக்கலைப் பிற்கால நாவல்கள் வேறு களங்களில் வைத்துக் காண்கின்றன. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. அளம் உரிமையாளருடையது, உழைப்பும் உடல்நலக் கேடும் தொழிலாளருடையவை. உப்பு விளைச்சல் வெயிலை நம்பியது. மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும். இயற்கை விளைவிக்கும் இழப்பை எவர் தாங்குவது என்னும் கேள்வி இத்தொழிலோடு பிறந்தது. சாகித்திய அகாதெமி விருது (2012) பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் அடிமை நிலையையும் சங்க எழுச்சியையும் சித்திரிக்கிறது. இவ்விரண்டிலும் கருவியும் களமும் முதலுக்கே உரியவை என்பதால் எதிர்ப்பக்கம் எது என்பதில் ஐயம் எழுவதில்லை. கருவியைத் தாமே வைத்திருப்பவரின் நிலையே சிக்கலானது. அதனைப் பேசுவதால் ‘பஞ்சும் பசியும்’ தனித்து நிற்கிறது.

விவேக் நகரின் தெருக்களில்

தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் விவேக் நகர், புதுத்தொழில் நிறுவனங்களுக்குப் பெயர்பெற்ற கோரமங்கலத்தை அடுத்துள்ளது. செயலி வழியே உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் இளைஞர்கள் இத்தெருக்களில் அன்றாடக் காட்சி. இருசக்கர வண்டி அவர்களுடையது. பெட்ரோலும் பழுதுச் செலவும் கைப்பேசியும் அவர்களுடையவை. ‘ஆர்டர்’ மட்டும் நிறுவனத்துடையது. தறி இருந்தும் நூலில்லா நெசவாளியும், வண்டி இருந்தும் ‘ஆர்டர்’ வராமல் தெருமுனையில் காத்திருக்கும் இளைஞரும் பொருளியல் நிலையில் ஒருவரே. ஒரு வேறுபாடு உண்டு. நெசவாளி சென்று முறையிடவும் சினந்து பேசவும் வணிகர் ஒருவர் கண்முன் இருந்தார். இங்குப் பங்கிடுவது முகமற்ற கணக்கீடு. பேராசைக்காரரைத் தேடும் வாசிப்பு இங்குத் தோற்கும். நூலின் உரிமையைத் தேடும் வாசிப்பே பயன்படும்.

தீர்வுகளிலும் ஒப்புமை காணத்தக்கது. நாவல் வெளிவந்த 1953ஆம் ஆண்டிலேயே, ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் நடுவண் சட்டம் வந்தது. கர்நாடக அரசு 2025இல் இயற்றிய செயலிவழித் தொழிலாளர் நலச் சட்டம், தொழிலாளிக்கு ஒவ்வொரு பணிக்கும் வழங்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக்கட்டணமாக நிறுவனங்களிடம் பெற வழிசெய்கிறது. இரண்டும் தேவையானவை, ஆயினும் இரண்டும் ஈட்டத்தில் ஒரு துளியைப் பகிர்வனவே அன்றி நூலின் உரிமையை மாற்றுவன அல்ல. அவ்வுரிமையைத் தொட முயன்றது கூட்டுறவு இயக்கம். 1935இல் தொடங்கப்பெற்ற ‘கோ-ஆப்டெக்ஸ்’ போன்ற அமைப்புகளின் குறை நிறைகள் எவையாயினும், நூலையும் சந்தையையும் நெசவாளரின் கூட்டுப் பொறுப்பில் கொணரும் எண்ணமே அவற்றின் அடித்தளம்.

முடிவுரை

நேரிய பொருளியலை அளக்கும் கோல் கூலியின் அளவு மட்டுமன்று. ஈட்டத்தில் பங்கு பெறுவோர் இழப்பிலும் பங்கு ஏற்கின்றனரா என்பதே உரிய கோல் என்பதை ‘பஞ்சும் பசியும்’ உணர்த்துகிறது. வறுமையைப் பாடிய நாவலாக மட்டும் அதனைப் பயிற்றுவிப்பது அதன் சிந்தனையைச் சுருக்குவதாகும். தறிக்காரரைப் பேசிய தமிழ் நாவலின் மரபில் விவேக் நகர் வண்டிக்காரருக்கும் ஓர் இடம் காத்திருக்கிறது.